குறி தப்பாத குண்டு

வாருங்கள், உள்ளே வாருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், இதில் உட்காருங்கள். அதில் உட்கார்ந்தால் மதில் சுவர் நேராகத் தெரியும். ஒன்றுமில்லை, இந்நேரத்துக்கு வெயில் கண்ணில் அடிக்கும், அதற்காகச் சொன்னேன்.

எந்தக் குண்டு வாங்குவது என்று கேட்கத்தானே வந்தீர்கள்? உரக்கடைக்காரர் போனில் சொன்னார். "ஒட்டன்சத்திரம் பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி வருதுங்கம்மா. பப்பாளித் தோட்டம். குரங்குத் தொல்லை தாங்காம ஏர்கன் வாங்கிருச்சு. குண்டு எதுன்னு தெரியல. உங்கள விட்டா இங்க யாருக்குத் தெரியும்" என்றார். அது வரை சரி. அதற்கு மேல் ஏதாவது சொன்னாரா? சொல்லியிருப்பார். ஊரே சொல்கிறது, அவர் மட்டும் வாயை மூடிக்கொண்டா இருப்பார்.

போனை மடியில் வைத்துக்கொள்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மகளுக்கு வலி வந்துவிட்டது. கோயம்புத்தூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். சண்முகப்ரியா என்று பெயர், ஒரே பெண். ஆமாம், தலைப்பிரசவம்தான். தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான் பார்க்க வேண்டும், எனக்கும் தெரியும். மேலே பாருங்கள், அதுதான் தூளி கட்டுகிற கொக்கி. அவளை ஆட்டித் தூங்க வைத்த கொக்கி. துருவெல்லாம் தேய்த்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். வருவாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இங்கேதான் வருவாள். வேறு எங்கே போவாள்?

அது கிடக்கட்டும். முதலில் குண்டு.

இதை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். ஈயம்தான். உடுக்கை மாதிரி நடுவில் இடுப்பு. பின்பக்கம் குழிவு. சுடும்போது காற்று அந்தக் குழிவில் புகுந்து விளிம்பை விரிக்கும். விரிந்தால்தான் குழாயின் உள்சுவரோடு ஒட்டிச் சுழன்றுகொண்டு போகும். அதனால் விளிம்பு நசுங்கியிருந்தால் எடுத்து எறிந்துவிடுங்கள். நசுங்கிய குண்டு எங்கே போகும் என்று அதற்கே தெரியாது. கண்ணாடி மேல் உருட்டிப் பார்த்தால் போதும். நல்லது அழகாக வட்டம் போடும். கெட்டது தள்ளாடும், குடித்தவன் மாதிரி.

உங்களுடையது ஸ்பிரிங் துப்பாக்கிதானே, குழாயை மடக்கித் திறக்கிற மாதிரி? என்னுடையதும் அதுதான். என் வீட்டுக்காரர் உயிரோடு இருக்கும்போது அணிலுக்காக வாங்கினார், ஒரு அணிலைக்கூடச் சுட்டதில்லை. அவர் போன பிறகு இந்தக் கொய்யாத் தோட்டமும் என் தலையில், துப்பாக்கியும் என் தலையில். இந்த ஸ்பிரிங் துப்பாக்கிக்கு ஒரு குணம் உண்டு. குண்டு குழாயை விட்டு வெளியே போவதற்குள் துப்பாக்கி ஒரு தடவை பின்னால் உதைத்து ஒரு தடவை முன்னால் குதித்துவிடும். இறுக்கிப் பிடித்தால் குதிப்பது கோணலாகிவிடும். அதனால் இறுக்கவே கூடாது. உள்ளங்கையில் சும்மா கிடக்க வேண்டும், பச்சைப் பிள்ளையைத் தூக்கினால் தலைக்குக் கீழே கையை எப்படி வைப்போம், அந்த மாதிரி...

தண்ணீர் குடிக்கிறீர்களா? இதோ.

எங்கே விட்டேன்? ம், கனம். டப்பாவில் வேகத்தைப் பெரிய எழுத்தில் போட்டிருப்பான். அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். லேசான குண்டு வேகமாகக் கிளம்பும். ஆனால் குழாய் வாயில் இருக்கிற வேகம் மரத்துக்குப் போய்ச் சேரும்போது இருக்காது. சின்னக் காற்று அடித்தாலும் சாய்ந்துவிடும். தடுக்கக் கனம் இல்லாததால் உள்ளே ஸ்பிரிங்கும் மடேரென்று முட்டி முட்டிக் கெட்டுப் போகும். ரொம்பக் கனமாகப் போட்டால் பாதி வழியிலேயே தொய்ந்து கீழே இறங்கும். தலையும் பார்க்க வேண்டும். தட்டைத் தலை பக்கத்துக்கு மட்டும்தான், தூரம் போனால் அலையும். கூர்த் தலை பார்க்கப் பயமாக இருக்கும், அவ்வளவுதான். உருண்டைத் தலை, நடுத்தரக் கனம். அதுதான். அதிலும் ஒரு துப்பாக்கிக்குப் பிடித்தது இன்னொன்றுக்குப் பிடிக்காது. வாங்கி வாங்கிச் சுட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நான் எப்படிக் கண்டுபிடித்தேன் தெரியுமா? துணி துவைக்கிற சோப்பு. வேகத்தை அளக்க மெஷின் எல்லாம் இருக்கிறதாம், நான் எங்கே போவேன். சோப்புக் கட்டியை நிறுத்திச் சுடுவேன். எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று ஊக்கை விட்டுப் பார்ப்பேன். ப்ரியா லீவுக்கு வந்தபோது துவைக்கிற கல்லில் ஓட்டை ஓட்டையாகக் கிடந்த சோப்பைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அம்மா, குரங்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு. சோப்புதான் சாகுது" என்றாள். நன்றாகச் சிரிப்பாள். பேங்கில் வேலை. வயிற்றில் அப்போதுதான் தங்கியிருந்தது. வாந்தி எடுத்துக்கொண்டே சிரித்தாள்.

ஷோகேஸில் அந்தக் கப்பைப் பார்த்தீர்களா? காலேஜில் என்.சி.சி.யில் இருந்தேன். துப்பாக்கி சுடுவதில் வாங்கியது. அப்படிப்பட்டவள் இந்தக் குரங்குகளிடம் எப்படி அவமானப்பட்டேன் தெரியுமா? ஒரு தடியன் இருந்தான், வாலில் பாதி கிடையாது. நல்ல பழமாகப் பார்த்துப் பறிப்பான், ஒரு கடி, தூக்கி எறிவான், அடுத்தது. நான் கடைக்காரன் கொடுத்த தட்டைத் தலைக் குண்டைப் போட்டுச் சுட்டால் எங்கேயோ ஒரு இலையில் படும். அவன் அந்த இலையைத் திரும்பிப் பார்ப்பான். பிறகு என்னைப் பார்ப்பான். பழம் பறிக்க வருகிற மயிலாத்தா கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "அக்கா, அவனுக்கு வெவரம் இருக்கு. நீங்க குறி வெக்கிற எடத்துல உக்காந்தா பத்திரம்னு கண்டுபிடிச்சுட்டான்" என்பாள். கூட வந்த பெண்களெல்லாம் சிரிப்பார்கள். நானும்தான் சிரித்தேன், வேறென்ன செய்வது.

அப்புறம்தான் குண்டுகளில் இறங்கினேன். திண்டுக்கல்லில் ஒரு டப்பா, மதுரையில் ஒரு டப்பா, ப்ரியாவிடம் சொல்லி கோயம்புத்தூரிலிருந்து ரெண்டு டப்பா. நகைக் கடைத் தராசு ஒன்று வாங்கி நிறுத்துப் பிரித்தேன்.

ஒன்று சொல்கிறேன், நன்றாகக் கேளுங்கள். நான் எதையும் கொல்வதற்காகச் சுடவில்லை. பூஜை அறையில் ஆஞ்சநேயர் படம் இருக்கிறது, சனிக்கிழமை தவறாமல் விளக்குப் போடுகிறவள். எனக்கு வேண்டியது சுளீரென்று ஒரு வலி, அவ்வளவுதான். யோசித்துப் பாருங்கள், குறி தப்புகிற குண்டுதான் பாவம். அது கண்ணில் படும், காதில் படும். தப்பாத குண்டு கையில் இருந்தால் புட்டத்துச் சதையாகப் பார்த்து வைக்கலாம். கிணற்று மேட்டிலிருந்து கொய்யா மரத்துக்கு இருக்கிற தூரத்தில் என் குண்டு சோப்பில் நகக்கண் ஆழம்தான் போனது. பெரிய குரங்கின் தோலுக்கு அது ஒன்றுமே இல்லை. அப்படித்தான் கணக்குப் போட்டேன். சரிதானே? நீங்களே சொல்லுங்கள்.

இந்த அட்டையைப் பாருங்கள். இது கடைசியாகச் சுட்டது. அஞ்சு குண்டு. எத்தனை ஓட்டை தெரிகிறது? ஒன்றுதான். அஞ்சும் ஒரே ஓட்டைக்குள். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஊரில் பேசுகிறவர்கள் யாராவது இந்த அட்டையைப் பார்த்தார்களா?

உருண்டைத் தலை வந்த பிறகு ஒரே வாரம். தடியனுக்குத்தான் முதல். புட்டத்தில் வாங்கிக்கொண்டு கத்தினான் பாருங்கள், மயிலாத்தா கூடையைக் கீழே போட்டுவிட்டாள். அடுத்து இன்னொன்று. ஒவ்வொன்றும் கத்தும், குதிக்கும், ஓடும். நின்று தடவிக்கொள்ளும். எதற்கும் ஒன்றும் ஆகவில்லை.

அப்புறம் அந்த ஒன்று. காலை நேரம், பனி இன்னும் இலையில் இருந்தது. கிளையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது. முதுகைக் காட்டினால்தான் நல்ல குறி. அசையவே இல்லை. காற்று இல்லை. துப்பாக்கி கையில் லேசாகக் கிடந்தது. இடுப்புக்குக் கீழே, பக்கவாட்டில், சதை உருண்டிருக்கிற இடம். சுட்டேன்.

அது கத்தவில்லை.

எல்லாம் கத்தின, அது மட்டும் கத்தவில்லை. குதிக்கவும் இல்லை. மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. பிறகு கிளையின் அந்தப் பக்கமாக இறங்கிப் போய்விட்டது. நான் குறி தப்பிவிட்டது என்றுதான் நினைத்தேன். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. உடனே உள்ளே வந்து ஒரு அட்டையை எடுத்துப் போய் மாட்டிச் சுட்டேன். அந்த அட்டைதான் இது.

மறுநாள் சாயங்காலம் அவள், அந்தக் கத்தாத குரங்குதான், மதில் மேல் வந்து உட்கார்ந்தாள். மடியில் குட்டி. தலை தொங்கிக்கொண்டிருந்தது. முதலில் தூங்குகிறது என்று நினைத்தோம். மயிலாத்தாதான் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

கரண்ட் கம்பி. ரோட்டோரம் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது, வரும்போது பார்த்திருப்பீர்கள். அதில் ஏறி விளையாடும் இந்தக் குட்டிகள். நான் அன்றைக்கே சொன்னேன். என் குண்டு வைத்த இடத்தில் போகிற குண்டு. நான் வைத்தது பெரியதின் இடுப்பில். குட்டி எங்கே இருந்தது? நான் பார்க்கவே இல்லையே. வயிற்றோடு ஒட்டிக்கொண்டு கிடந்தால் பின்னாலிருந்து எப்படித் தெரியும்? தெரியாத ஒன்றில் எப்படிப் படும்?

அவள் அதை விடவில்லை. கொண்டே திரிந்தாள். மரம் ஏறும்போது ஒரு கையில் பிடித்துக்கொண்டு மூன்று காலில் ஏறுவாள். ஈ மொய்த்தால் ஓட்டுவாள். நாளாக நாளாகக் காய்ந்து துணி மாதிரி ஆகிவிட்டது, அப்போதும் தடவித் தடவிப் பேன் பார்ப்பாள். சாயங்காலம் ஆனால் இந்த மதில். என் சமையல் கட்டு ஜன்னலுக்கு நேரே. பழம் வைத்துப் பார்த்தேன், தொடவில்லை. மற்ற குரங்குகள் அதோடு இந்தப் பக்கம் வருவதையே விட்டுவிட்டன. இந்த சீசனில் எனக்கு ஒரு பழம் கடிபடவில்லை தெரியுமா? மரம் ஒடிகிற மாதிரிக் காய்த்திருக்கிறது. வாசனை வருகிறதா? எனக்கு இப்போதெல்லாம் தெரிவதில்லை.

கடைசியில் ஒரு நாள் அந்தக் குட்டி மதிலுக்கு உள்பக்கம் விழுந்து கிடந்தது. வைத்துவிட்டுப் போனாளா, கை நழுவியதா, தெரியாது. ஊர்க்காரர்கள் வந்துவிட்டார்கள். எங்கள் பக்கம் குரங்கு செத்தால் மனிதனுக்குச் செய்கிற மாதிரி எல்லாம் செய்வார்கள். மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டினாள் மயிலாத்தா. மாலை வாங்கி வந்தார்கள். தோட்டத்து மூலையில், அந்த வேம்புக்கு அடியில் குழி வெட்டினார்கள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லையே, என் இடம்தானே, எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். மூன்றாம் நாள் பால் ஊற்றினார்கள். இப்போது ஒரு கல்லும் நட்டுவிட்டார்கள், பிள்ளை இல்லாதவர்கள் வந்து விளக்கு வைக்கிறார்கள். அதில் எனக்கென்ன?

மயிலாத்தா குளிப்பாட்டிவிட்டு என்னிடம் வந்தாள். "அக்கா, வெலாவுல ஒரு பொட்டு இருக்கு. கடுகளவு" என்றாள். "எறும்பு கடிச்சிருக்கும் மயிலாத்தா" என்றேன். "எறும்பு இவ்வளவு வட்டமாவா கடிக்கும்?" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. தட்டைத் தலைதான் வட்டமாக வெட்டும். உருண்டைத் தலை போன இடம் தானாகவே சுருங்கி மூடிக்கொள்ளும். "நீ பாத்தது தொறந்திருந்துச்சா, மூடியிருந்துச்சா?" என்று கேட்டேன். அவள் என்னையே பார்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டு போனவள்தான், இந்த வீட்டில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. இப்போது வேறு ஆளை வைத்துத்தான் பழம் பறிக்கிறேன்.

குழியில் வைப்பதற்கு முன்னால் சுற்றுவதற்கு ஒரு துணி கேட்டார்கள். நான் உள்ளே போய் பீரோவைத் திறந்து ஒரு பழைய பருத்திச் சேலையைக் கொண்டுவந்து கொடுத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. துணி கேட்டார்கள், கொடுத்தேன்.

அதைத்தான் ப்ரியா பிடித்துக்கொண்டாள்.

மாப்பிள்ளை வீட்டில் வளைகாப்பு முடித்து அவளை இங்கே கூட்டி வந்தோம். இரண்டு கையிலும் கண்ணாடி வளையல். வந்த அன்றைக்கே, "அம்மா, அந்தத் தூளிச் சேலையை வெயில்ல போட்டு எடுக்கணும், எங்க வெச்சிருக்கே?" என்று பீரோவைக் குடைந்தாள். அவளைப் போட்டு ஆட்டிய சேலை. துவைத்துத் துவைத்துப் பூ மாதிரி ஆகியிருந்தது. அவள் பிள்ளைக்கென்று நான்தான் எடுத்து வைத்திருந்தேன். வளையல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அப்புறம் நின்றுவிட்டது.

"எங்கம்மா அது?"

சொன்னேன். மேலே இருந்தது, கைக்கு வந்தது, கொடுத்துவிட்டேன் என்றேன். மேலேயா இருந்தது? அடியில், பாச்சை உருண்டை போட்டுப் பையில் கட்டி வைத்திருந்தேன். இருந்தாலும் அவசரத்தில் எது கைக்கு வரும் என்று யாருக்குத் தெரியும்?

அவள் மயிலாத்தா வீட்டுக்குப் போனாள். வயிற்றைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்தே போனாள். திரும்பி வந்து இதோ, நீங்கள் உட்கார்ந்திருக்கிற நாற்காலியில்தான் உட்கார்ந்தாள். நான் அட்டையைக் காட்டினேன். கரண்ட் கம்பியைச் சொன்னேன். சோப்புக் கணக்கைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டாள். கடைசியில் ஒன்றுதான் கேட்டாள்.

"உன் குண்டு இல்லன்னா, என் பிள்ளையோட சேலையை ஏம்மா குடுத்தே?"

படித்த பெண். சாபம், தோஷம் என்று பயப்படுகிறவள் இல்லை. அப்படிப் பயந்திருந்தால் ஒரு பரிகாரம் செய்து முடித்திருப்பேன். "நீ ஒரே ஒரு தடவை சொல்லிடும்மா. சொல்லிட்டா நான் எங்கயும் போகல. இங்கயே இருக்கேன்" என்றாள். எதைச் சொல்வது? நடக்காததை எப்படிச் சொல்வது? மறுநாள் மாப்பிள்ளையை வரச் சொல்லிப் போய்விட்டாள். வண்டி கிளம்பும்போது அவள் மதிலைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

ஒரு நிமிஷம். போன்.

ஹலோ? மாப்பிள்ளை? சொல்லுங்க... ம்... எப்போ?... ரெண்டு பேரும் நல்லா இருக்காங்களா?... பொண்ணா! முருகா... அழுதுச்சா? பொறந்ததும் அழுதுச்சா மாப்பிள்ளை? நல்லா சத்தமா?... அது போதும். அது போதும்... அவகிட்ட குடுங்களேன்... சரி, சரி, தூங்கட்டும். எழுப்பாதீங்க... எப்போ கூட்டிட்டு வரீங்க? நான் எல்லாம் தயாரா... என்ன?... அவ கேக்கச் சொன்னாளா? இப்பவா?... இல்ல மாப்பிள்ளை, சொல்றதுக்கு என்ன இருக்கு. நான் அன்னிக்கே சொல்லிட்டேனே. அது கரண்ட்டு... ஹலோ?... ஹலோ? மாப்பிள்ளை?

சிக்னல் இல்லை போல.

பெண் குழந்தை. நன்றாக அழுததாம். இருங்கள், சர்க்கரை எடுத்து வருகிறேன், நல்ல சேதி கேட்ட வாய் சும்மா போகக் கூடாது. இந்தாருங்கள். சர்க்கரையைக் கீழெல்லாம் சிந்திவிட்டேன் பாருங்கள், சந்தோஷத்தில். இந்தக் கையா அஞ்சு குண்டை ஒரே ஓட்டையில் வைத்தது என்று யாராவது நம்புவார்களா?

கிளம்புகிறீர்களா? என்ன, அந்த டப்பாவா? உருண்டைத் தலையா? இல்லை. அதை வையுங்கள். கீழே வையுங்கள் தங்கச்சி.

ஆமாம், நான்தான் சொன்னேன். அதுதான் இருப்பதிலேயே நல்ல குண்டு என்று இவ்வளவு நேரம் சொன்னேன். உங்களுக்கு அது வேண்டாம். தட்டைத் தலை வாங்குங்கள். கடையில் இருப்பதிலேயே லேசானதாகக் கேளுங்கள். விளிம்பு நசுங்கியிருந்தாலும் பரவாயில்லை, பொறுக்க வேண்டாம், அப்படியே போடுங்கள். எங்கேயாவது ஒரு இலையில் பட்டுப் போகட்டும். சத்தத்துக்கே பாதி ஓடிவிடும். ஓடாதது தின்றுவிட்டுப் போகட்டும். பப்பாளிதானே.

வாசலைத் தாண்டும்போது மதில் பக்கம் பார்க்காமல் போங்கள். வந்திருப்பாள். வெயில் இறங்கினால் வந்துவிடுவாள். கையில் ஒன்றும் இல்லை. ஆனாலும் வைத்திருக்கிற மாதிரியேதான் கையை வளைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒன்றும் செய்ய மாட்டாள்.

இன்னும் ஒன்றே ஒன்று. அப்படியே சுடத்தான் வேண்டும் என்றால், முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும்போது சுடாதீர்கள். காத்திருங்கள். எவ்வளவு நேரமானாலும் சரி. அது திரும்பட்டும். திரும்பி, வயிற்றைக் காட்டட்டும்.